நனவின் வாயிலில்

கும்மிடிப்பூண்டியிலிருந்து மீஞ்சூர் வழியாக வரும் புறநகர் இருப்புப்பாதை சென்னை சென்ட்ரலில் முடிகிறது. நிலையத்திற்கு எதிரே அரசு பொது மருத்துவமனை. வட சென்னையின் தொழிற்சாலைகளிலும் சரக்குந்துச் சாலைகளிலும் தலையில் அடிபட்டு நனவிழந்தோர் பலர் கொண்டுவரப்படும் இடம் அது. அங்கே 1950 ஆம் ஆண்டு மூளை அறுவை மருத்துவப் பிரிவைத் தொடங்கியவர் பா. இராமமூர்த்தி.

1922 ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்த அவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் மூளை அறுவைப் பயிற்சி பெற்றுத் திரும்பினார். மூளையின் உட்புறத்தைக் காட்டும் சி.டி. ஸ்கேன் கருவி உலகில் எங்குமே இல்லாத காலம். கண்பாவையின் விரிவு, நாடித்துடிப்பு, வலிக்கு நோயாளி காட்டும் சிறு அசைவு ஆகியவற்றைக் கொண்டே மருத்துவர் முடிவெடுக்க வேண்டும்.

அம்முடிவின் அருமையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். அடிபட்டவர் சிலவேளை எழுந்து அமர்ந்து உறவினரோடு உரையாடுவார். இடர் நீங்கியது என்று யாவரும் எண்ணும்போது நனவிழந்து சாய்வார். மண்டையோட்டின் உட்புறத் தமனி கிழிந்து, ஓட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே குருதி கட்டி மூளையை அழுத்துவதே காரணம். பெருமூளைப் புறணியை விழிப்பில் நிறுத்துவது மூளைத்தண்டின் மேற்பகுதியிலுள்ள நரம்பு வலையமைப்பு. அது நசுங்கினால், புறணி பழுதின்றி இருப்பினும் நனவு அணைந்துவிடும். மண்டையோட்டைத் துளைத்துக் குருதிக்கட்டியை உரிய நேரத்தில் அகற்றினால் நோயாளி மீள்வார். சில மணி நேரம் தாழ்ந்தால் மீளாமலே போகலாம்.

1951 இல் இந்திய நரம்பியல் கழகத்தைத் தோற்றுவித்த நால்வருள் இராமமூர்த்தியும் ஒருவர். ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை மருத்துவர்களுள் ஒருவரான டி. எஸ். கனகா அவருடைய துறையில் பணியாற்றியவரே. கட்டுக்கடங்கா மூர்க்கம் கொண்ட நோயாளிகளின் மூளையாழத்தில் மிகச் சிறு பகுதியைச் சிதைத்து அமைதிப்படுத்தும் அறுவையையும் இக்குழுவினர் மேற்கொண்டனர். ஒருவரின் இயல்பை அறுவையால் மாற்றுவது தகுமா என்னும் வினா அக்காலத்திலேயே உலகெங்கும் எழுந்தது. அவ்வினா நியாயமானதே, இன்றும் அது எளிதில் தீர்வதன்று.

அரசுப் பணிக்குப் பின் அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையில் நரம்பு அறுவை மையம் ஒன்றை அமைத்தார். முதுமையிலும் நனவு பற்றிய தேடல் அவரை விடவில்லை. விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம் ஆகிய மூன்று நிலைகளையும் மூளை மின்னலைப் பதிவில் வேறுபடுத்திக் காணலாம். இவற்றுக்கு அப்பால் நம் முன்னோர் கூறிய துரியம் என்னும் நான்காம் நிலையைப் பற்றி 1995 இல் உளமருத்துவ ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு அகவை எழுபத்து மூன்று. 2003 டிசம்பரில் சென்னையில் மறைந்தார்.