பொம்மைச் சிப்பாய்களின் தளபதி எச். ஜி. வெல்ஸ்

என் தம்பிக்குப் பிறந்தநாள் பரிசாக வந்த பிளாஸ்டிக் சிப்பாய்களை வைத்து அவனைவிட அதிகமாக விளையாடியவள் நான்தான். புத்தகங்களை அடுக்கி மலையாக்கி, தலையணையைக் கோட்டையாக்கி, நாங்கள் இருவரும் கூடத்தில் போர் தொடங்கினால் பாட்டி இரண்டு காரணங்கள் சொல்லிக் கடிந்துகொள்வார். பெண்பிள்ளைக்கு இது தகாத விளையாட்டு என்பது ஒன்று. மனிதரை மனிதர் கொல்வதை விளையாட்டாக்குவது பாவம் என்பது மற்றொன்று. முதல் காரணத்துக்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டாவதற்கு இல்லை. அப்படியிருக்கையில்தான் ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளரின் வாழ்க்கையைப் படித்தேன். விஞ்ஞானக் கதைகளால் புகழ்பெற்ற அவர், பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கு முறையான விதிகள் வகுத்தவரும் ஆவார். தோழியரே, அவரது வரலாற்றை அந்த விளையாட்டின் வழியாகவே உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வெல்ஸ் 1866ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்த பிராம்லி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜோசப் தோட்டக்காரராக இருந்து, பின்னர் பீங்கான் பாத்திரங்களும் கிரிக்கெட் மட்டைகளும் விற்கும் சிறு கடை ஒன்றை வைத்தவர். கடையில் வருமானம் சொற்பம். கிரிக்கெட்டில் அவர் கெட்டிக்காரர். 1862இல் கென்ட் அணிக்காக விளையாடும்போது அடுத்தடுத்து நான்கு பந்துகளில் நான்கு பேரை ஆட்டமிழக்கச் செய்தவர். தாய் சாரா பெரிய வீடுகளில் பணிப்பெண்ணாக இருந்தவர். கடைக்குக் கீழே, தெருவின் மட்டத்துக்கும் தாழ்ந்த சமையலறையில்தான் அந்தக் குடும்பத்தின் பொழுது பெரும்பாலும் கழிந்தது.

1874இல், ஏழு வயதில், வெல்ஸுக்குக் கால் எலும்பு முறிந்தது. படுக்கையில் கிடந்த சிறுவனுக்காகத் தந்தை நூலகத்திலிருந்து புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் கால்முறிவே தம் வாழ்வின் பெரும் அதிர்ஷ்டம் என்று வெல்ஸ் பிற்காலத்தில் எண்ணினார். பதின்மூன்று வயதளவில் அவருக்கு வேறொரு பழக்கமும் இருந்தது. ஊரைச் சுற்றியுள்ள மேடுகளிலும் வயல்களிலும் தனியே நடக்கையில், தாம் பெரும் படைத்தலைவர் என்றும், எதிரிகளை அங்கேயே முறியடிப்பதாகவும் கற்பனை செய்துகொள்வாராம். 1934இல் வெளிவந்த தம் சுயசரிதையில் அதை வெட்கத்தோடு நினைவுகூர்ந்து, தமது பதின்மூன்று வயதுப் பகற்கனவு உயிர்பெற்று வந்ததுபோல்தான் ஹிட்லர் இருக்கிறார் என்ற கருத்தை எழுதியிருக்கிறார். இந்த இடத்தை நான் இரண்டு முறை படித்தேன். தம்மையே இப்படிப் பார்ப்பதற்குத் துணிவு வேண்டும்.

1877இல் தந்தையின் காலும் முறிந்து, கிரிக்கெட்டால் வந்துகொண்டிருந்த பணம் நின்றது. 1880இல் தாய் சஸ்ஸெக்ஸ் மாவட்டத்து அப்பார்க் மாளிகைக்கு வீட்டு மேற்பார்வையாளராகச் சென்றார். மகனைத் துணிக்கடை வேலைக்கு அனுப்பினார்கள். சௌத்சீ என்னும் ஊரில் ஒரு துணிக்கடையில் வெல்ஸ் இரண்டு ஆண்டுகள் வேலை பழகினார். நாள் முழுவதும் நிற்க வேண்டும். துணி மடிக்க வேண்டும். ஏச்சும் கேட்க வேண்டும். 1883இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏறத்தாழ பதினேழு மைல் நடந்தே அப்பார்க்குக்குப் போய், இனித் துணிக்கடைக்குத் திரும்புவதில்லை என்று தாயிடம் சொல்லிவிட்டார். பிறகு மிட்ஹர்ஸ்ட் பள்ளியில் மாணவ ஆசிரியராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே உபகாரச் சம்பளம் பெற்று லண்டனில் சௌத் கென்சிங்டன் விஞ்ஞானக் கல்லூரிக்குச் சென்று, புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் டி. எச். ஹக்ஸ்லியிடம் பாடம் கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை. 1895இல் காலத்தில் பயணம் செய்யும் யந்திரத்தைப் பற்றிய 'தி டைம் மெஷின்', 1897இல் கண்ணுக்குத் தெரியாத மனிதனைப் பற்றிய கதை, 1898இல் செவ்வாய்க் கிரகத்தார் பூமியின் மீது படையெடுக்கும் 'தி வார் ஆப் தி வேர்ல்ட்ஸ்' என்று நூல்கள் வரிசையாக வந்தன. வறுமை நீங்கியது. கென்ட் கடற்கரையில் சாண்ட்கேட் என்னுமிடத்தில் சொந்த வீடு கட்டினார். 1901இலும் 1903இலும் ஜார்ஜ், பிராங்க் என்னும் மைந்தர் இருவர் பிறந்தனர். அவருடைய இல்லற வாழ்வில் நாம் பின்பற்றத் தகாதவை சில உண்டு. அவற்றை இங்கே எழுதவில்லை.

சாண்ட்கேட் வீட்டில்தான் விளையாட்டு பிறந்தது. ஒரு நாள் பகலுணவுக்கு வந்த நண்பர் ஒருவர், அருகிலிருந்த சிறு மேசையில் பிள்ளைகளின் பொம்மைச் சிப்பாய்கள் நாலைந்தும் ஒரு பொம்மைப் பீரங்கியும் இருப்பதைக் கண்டார். காப்பி வருவதற்குள் பீரங்கியில் குண்டு வைத்துக் குறிபார்த்துச் சுட்டு ஒரு சிப்பாயை வீழ்த்திவிட்டார். வீழ்த்தியதோடு நில்லாமல் பெருமையடித்துப் போட்டிக்கும் அழைத்தார். வெல்ஸ் அவர் பெயரின் முதலெழுத்துகளை மட்டுமே சொல்கிறார். நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம்தான் அவர் என்று கருதப்படுகிறது. அந்தப் பீரங்கி சுருள்வில்லால் இயங்குவது. ஓர் அங்குல நீளமுள்ள மரத்துண்டே அதன் குண்டு. ஒன்பது கஜ தூரத்தில் நிற்கும் சிப்பாயைப் பத்துக்கு ஒன்பது முறை அது வீழ்த்தும் என்று வெல்ஸ் கணக்குச் சொல்கிறார்.

வெறுமனே சுட்டுத் தள்ளுவது சில நாட்களில் அலுத்துப்போயிற்று. சிப்பாய்கள் நகர வேண்டும், மறைந்துகொள்ள இடம் வேண்டும் என்று தோன்றியது. கலைக்களஞ்சியத்தின் தடித்த தொகுதிகளை வைத்து நிலப்பரப்பு அமைத்தார்கள். பிறகு மரக்கட்டைகள் வீடுகளாயின. செடிக் கிளைகள் காடுகளாயின. சீமைச்சுண்ணாம்பால் வரைந்த கோடுகள் ஆறுகளாயின. ஆட்டம் முடிந்த ஒவ்வொரு நாளும் விதிகளில் ஏதாவது ஒரு குறை தென்படும், அதைத் திருத்துவார்கள். இப்படித் திருத்தித் திருத்தி உருவான விதிகளே 1913இல் 'லிட்டில் வார்ஸ்', அதாவது சிறு போர்கள், என்ற நூலாயின.

விதிகளைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த பகுதி இதுதான். இரு தரப்பாருக்கும் நடுவே ஒரு திரை கட்டப்படும். எதிரி பார்க்காமல் ஒவ்வொருவரும் தம் படையை நிறுத்திய பின்பு திரை விலகும். காலாட்படை வீரன் ஒரு முறைக்கு ஓர் அடி நகரலாம். குதிரை வீரன் இரண்டடி. பீரங்கியின் அருகே ஆறு அங்குலத்துக்குள் குறைந்தது நான்கு பேராவது இருந்தால்தான் அதைச் சுடவோ நகர்த்தவோ முடியும். ஒரு முறைக்கு நான்கு குண்டுகளுக்கு மேல் சுடக்கூடாது. கைகலப்பு நேர்ந்தால் பகடை உருட்டுவதில்லை. ஆளுக்கு ஆள் கணக்குப் பார்த்து இரு பக்கமும் எடுத்துவிட வேண்டும். எல்லாவற்றையும்விடக் கண்டிப்பானது நேரம். முப்பது பேருக்கு ஒரு நிமிடம், பீரங்கி ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்து நேரம் கொடுப்பார்கள். நூற்றுப்பத்து வீரரும் மூன்று பீரங்கிகளும் உள்ளவருக்கு ஏழு நிமிடம்! யோசித்துக்கொண்டே இருந்தால் படை நின்ற இடத்திலேயே நின்றுவிடும். தேர்வில் கடைசிக் கேள்வியின்போது மணி அடித்தால் எப்படியிருக்குமோ அப்படி.

ஜெர்மனியில் பிரஷ்ய இராணுவ அதிகாரிகள் 1824 முதலே வரைபடத்தின் மீது கட்டைகளை நகர்த்தும் போர்ப் பயிற்சியைப் பழகிவந்தார்கள். அது பாடம், வெல்ஸுடையது விளையாட்டு. ஆயினும் மெய்யான படைத் தலைவர்களும் அவரோடு ஆடிப் பார்த்தார்கள் போலும். காப்டன் முதல் ஜெனரல் வரை, தம் விதிகளின் அரிச்சுவடியிலேயே தடுமாறாத இராணுவத்தார் ஒருவரையும் தாம் கண்டதில்லை என்று குறும்பாக எழுதியிருக்கிறார்.

பாட்டியின் முதல் காரணத்துக்கு வருகிறேன். நூலின் முகப்பிலேயே, இது பன்னிரண்டு வயது முதல் நூற்றைம்பது வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளுக்கானது என்றும், ஆண்பிள்ளைகளின் விளையாட்டை விரும்பும் அறிவுள்ள பெண்களுக்கும் ஆகும் என்றும் வெல்ஸ் அறிவிக்கிறார். உள்ளேயோ, ஆட்டத்தின் நடுவே வந்த பெண் விருந்தினர் சிலர் தரையில் கிடந்தவற்றை அலட்சியமாகப் பார்த்ததாகவும், கற்பனைப் பொருள்களைப் பெண்கள் எல்லாருமே அப்படித்தான் பார்ப்பார்கள் என்றும் குறைகூறுகிறார். செவ்வாய்க் கிரகத்தாரின் மனத்தைக் கற்பனை செய்யத் தெரிந்தவருக்கு, விருந்துக்கு வந்த பெண்ணைத் தரையில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடச் சொல்லத் தோன்றவில்லை. இது அவர் பிழை என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது காரணம் இவ்வளவு எளிதன்று. நூலின் இறுதிப் பகுதியில் வெல்ஸ் மெய்யான போரைப் பற்றிப் பேசுகிறார். மூன்று நான்கு முறை இந்தச் சிறு போரை நடத்திப் பார்த்தவருக்கே, உண்மைப் போர் எத்தனை குளறுபடியாக இருக்கும் என்பது விளங்கிவிடும் என்கிறார். இங்கே யாருடைய உடலும் சிதைவதில்லை, ஊர் எரிவதில்லை, வீட்டில் கண்ணீர் விடுவார் இல்லை. போர்வெறி பிடித்த அரசர்களையும் தளபதிகளையும் பெரிய மண்டபம் ஒன்றில் விட்டு, நிலவறை நிறையப் பொம்மைச் சிப்பாய்களைக் கொடுத்து, நம்மைத் தொந்தரவு செய்யாமல் அங்கேயே வாழட்டும் என்று விட்டுவிடலாம் என்பது அவர் யோசனை.

நூல் வெளிவந்த மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. வெல்ஸ் என்ன செய்தார் தெரியுமா? எதிர்க்கவில்லை! போர்களுக்கெல்லாம் முடிவு கட்டும் போர் இது என்று கட்டுரைகள் எழுதினார். 1916இல் பிரான்சிலும் இத்தாலியிலும் போர்முனைகளைச் சென்று பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பரில் சோம் ஆற்றங்கரைப் போரில் முதன்முதலாக டாங்கிகள் இறங்கின. அவற்றைப் போன்ற நிலக் கவசக் கப்பல்களை 1903லேயே அவர் கதையில் ஓட்டியிருந்தார். 1918இல் அரசாங்கத்தின் பிரசாரப் பிரிவிலும் வேலை செய்தார். தரையில் விளையாடியபோது தெளிவாகத் தெரிந்த ஒன்று, சொந்த நாடே போரில் இறங்கியதும் அவருக்கு மறைந்துபோனது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தம் பிழையை அவர் உணர்ந்தார். நாடுகள் ஒன்றுகூடிச் சண்டையைத் தடுக்கும் சங்கம் வேண்டும் என்று வாதாடினார். எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஒரே மனித வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பதற்காக 1920இல் உலக சரித்திரத்தைப் பெரிய நூலாக எழுதி முடித்தார். 1933இல் நாஜிகள் பெர்லினில் எரித்த புத்தகக் குவியலில் அவருடைய புத்தகங்களும் இருந்தன. 1940இல் லண்டன் மீது குண்டுகள் விழுந்தபோதும் ரீஜண்ட் பூங்கா அருகிலிருந்த தம் வீட்டைவிட்டு நகர மறுத்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1914இல் வந்த ஒரு நாவலில் அவர் அணுகுண்டு என்ற பெயரையே முதலில் பயன்படுத்தி, அதனால் நகரங்கள் அழிவதைக் காட்டியிருந்தார். ஹங்கேரியில் பிறந்த விஞ்ஞானி லியோ சிலார்ட் 1932இல் அந்த நாவலைப் படித்தார்; மறு ஆண்டு அணுத் தொடர்வினை என்னும் கருத்து அவருக்கு உதித்தது. 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமா எரிந்தபோது வெல்ஸ் நோயுற்ற முதியவர். 1946 ஆகஸ்ட் 13ஆம் நாள், எழுபத்தொன்பதாம் வயதில், லண்டன் வீட்டில் இறந்தார். அஸ்தி கடலில் தூவப்பட்டது.

அவர் வகுத்த விளையாட்டு மட்டும் நிற்கவில்லை. 1962இல் டொனால்ட் பெதர்ஸ்டோன் என்பவர் எழுதிய போர் விளையாட்டு நூல் அதை மேலும் பலரிடம் கொண்டுசேர்த்தது. இன்று பல நாடுகளில் மண்டபங்களில் மேசை மேசையாகப் போட்டி வைக்கிறார்கள். தாமே வண்ணம் தீட்டிய சிறு படைகளோடு வந்து, அளவுநாடா பிடித்து, வெல்ஸ் ஒதுக்கிய பகடையை உருட்டி, சுற்றுக்குச் சுற்று வேறு எதிராளியோடு ஆடுகிறார்கள். பெண்களும் ஆடுகிறார்கள். கடிகாரம் இன்றும் உண்டு.

இதையெல்லாம் ஒரு மாலை பாட்டிக்குச் சொன்னேன். அரசர்களை மண்டபத்தில் விட்டுவிடும் யோசனையைக் கேட்டுச் சிரித்தார். 1914ஐக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. வெகு நேரம் பேசவில்லை. பிறகு, ஜெபமாலை சொல்லும் நேரத்துக்குள் சிப்பாய்கள் பெட்டிக்குள் போய்விட வேண்டும் என்ற நிபந்தனையோடு கூடத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்.