பாட்டை அறிவோம்; எழுதியவரை அறிவோமா?

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவன்)

மயிலாப்பூரில் பாபநாசம் சிவன் சாலை என்று ஒரு சாலை உண்டு. அந்தச் சாலை வழியாகப் பள்ளி நாட்களிலிருந்தே போய் வந்திருக்கின்றேன். பாபநாசத்தில் உள்ள சிவபெருமானின் பெயரைத்தான் சாலைக்கு இட்டிருக்கிறார்கள் என்று வெகு காலம் எண்ணியிருந்தேன். இதைச் சொல்ல இன்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் அறியாமையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையைத் தொடங்க முடியாது.

சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையே நடந்த இசைப் போட்டி ஒன்றுக்கு என் நண்பனுடன் சென்றிருந்தேன். அவன் 'சிவகவி' படப்பாடல் ஒன்றைப் பாடினான். நன்றாகவே பாடினான். ஆனால் சினிமாப் பாட்டு கர்நாடக இசைப் பிரிவில் சேராது என்று நடுவர் ஒதுக்கிவிட்டார். அடுத்து வந்த மாணவி ஒரு தமிழ்க் கீர்த்தனை பாடிப் பரிசு பெற்றாள். இரண்டையும் இயற்றியவர் ஒருவரே என்பது அன்று எங்கள் இருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு வார்த்தையாவது கேட்டிருப்போம். வீடு திரும்பியதும் தாத்தாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, சிவன் அவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். அவ்வாறு நான் அறிந்ததையே இங்கே எழுதுகின்றேன்.

பாபநாசம் சிவனின் இயற்பெயர் ராமய்யா. 1890-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் போலகம் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஏழு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் யோகாம்பாள் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு திருவனந்தபுரம் சேர்ந்தார். ராமய்யா அங்கே வடமொழி இலக்கணம் கற்றார். நூரணி மகாதேவ பாகவதர், சாம்ப பாகவதர் ஆகியோரிடம் இசை பயின்றார். பஜனைகளில் உருகிப் பாடிய நீலகண்ட சிவனின் பாடல்கள் அவருடைய உள்ளத்தில் ஆழப் பதிந்தன.

1910-இல் தாயாரும் மறைந்தார். அதன் பின் அவருக்கு நிலையான வீடு இல்லை. கோயில் கோயிலாக நடந்தார், திருவிழாக்களில் பாடினார். அண்ணன் பாபநாசத்தில் இருந்ததால் அவ்வப்போது அங்கே வந்து தங்குவார். உடல் முழுவதும் திருநீறு பூசிப் பாடித் திரிந்த இளைஞரைக் கண்டவர்கள் சிவன் என்றே அழைத்தார்கள். ஊர்ப்பெயரும் சேர்ந்து பாபநாசம் சிவன் ஆனார். ஊரார் இட்ட பெயரே நிலைத்தது. தம் பாடல்களில் மட்டும் ராமதாசன் என்ற முத்திரையை வைத்துக்கொண்டார்.

பின்னர் சென்னைக்கு வந்து மயிலாப்பூரில் குடியேறினார். மார்கழி மாதம் விடியற்காலையில் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளைச் சுற்றி அவர் நடத்திய பஜனை மயிலையின் வழக்கமாகவே ஆகிவிட்டது. பனியில் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, தாளத்துடன் பாடிச் செல்லும் அவருக்குப் பின்னால் சிறுவரும் பெரியவரும் நடந்தனர். சீட்டு வாங்க வேண்டிய கச்சேரி அன்று அது. வாசலில் கோலம் போடுபவரும் பால்காரரும் கேட்கலாம். அதிகார நந்தி வாகனத்தில் கபாலி எழுந்தருளும் கோலத்தைக் கண்டு காம்போதி ராகத்தில் அவர் இயற்றிய கீர்த்தனை இன்றும் மேடைகளில் ஒலிக்கின்றது. அடையாற்றில் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்திராவிலும் அதன் ஆரம்ப ஆண்டுகளில் இசை கற்பித்தார்.

இத்தகைய மனிதர் சினிமாவுக்கு எப்படிப் போனார்? மயிலையில் வழக்கறிஞர் சுந்தரம் ஐயர் குடும்பத்துடன் அவருக்கு நெருக்கம் இருந்தது. அக்குடும்பத்துப் பிள்ளை எஸ். ராஜம் ராமனாகவும், ராஜத்தின் தங்கை ஜயலட்சுமி சீதையாகவும் நடித்த 'சீதா கல்யாணம்' படத்துக்குச் சிவனே பாடல்களும் இசையும் அமைத்தார். அங்கே தொடங்கிய பயணம் வேகம் கொண்டது. 1937-இல் 'சிந்தாமணி', 'அம்பிகாபதி', 1938-இல் எம். எஸ். சுப்புலட்சுமியின் முதல் படமான 'சேவாசதனம்', 1941-இல் 'அசோக்குமார்', 1943-இல் 'சிவகவி', 1944-இல் 'ஹரிதாஸ்' என்று எங்கும் அவர் பாடல்களே. எம். கே. தியாகராஜ பாகவதரின் குரலும் சிவனின் சொல்லும் சேர்ந்தபோது தமிழ்நாடே பாடியது.

அதே காலத்தில் அமெரிக்காவில் என்ன நடந்தது என்பதையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். பதினைந்து இருபது பேர் கொண்ட பெரிய வாத்தியக் குழுக்கள் அங்கே கொடிகட்டிப் பறந்தன. பென்னி குட்மன், டாமி டார்சி, கிளென் மில்லர் ஆகியோரின் இசைத்தட்டுகளை மக்கள் போட்டி போட்டு வாங்கினர். 1940 ஜூலையில் பில்போர்டு என்னும் பத்திரிகை, விற்பனையில் எந்தத் தட்டு முதலிடம் என்று வாரந்தோறும் பட்டியல் வெளியிடத் தொடங்கியது. முதல் பட்டியலில் முதலிடம் பெற்றது டாமி டார்சி குழுவின் தட்டு. அதில் பாடிய இளைஞர் பிராங்க் சினாட்ரா.

நம் நாட்டில் அத்தகைய பட்டியல் இல்லை. ஆனால் முதலிடம் எது என்பதை அறிய நம்மவர்க்கு வேறு அளவுகோல்கள் இருந்தன. காப்பிக் கடைக் கிராமபோனில் எது திரும்பத் திரும்பச் சுழல்கிறது? வண்டிக்காரர் எதை முணுமுணுக்கிறார்? படம் எத்தனை தீபாவளி கண்டது? 1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே தியேட்டரில் வெளியான 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டது. இதைவிடப் பெரிய பட்டியல் எது வேண்டும்?

இரு நாட்டுக்கும் பொதுவான ஒன்று இசைத்தட்டு. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தத் தட்டில், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேல்தான் இடம். கச்சேரியில் ஒரு கீர்த்தனையை அரை மணி நேரம் விரித்துப் பாடலாம். தட்டில் அதற்கு வழியில்லை. ராகத்தின் முகம் முதல் அடியிலேயே தெரிய வேண்டும். சொல் எளிதாக நாவில் ஏற வேண்டும். கேட்டவன் இரண்டாம் முறையே கூடப் பாட வேண்டும். இக்கட்டுப்பாட்டுக்குள் சிவன் ராகத்தைச் சிதைக்காமல் நிறுத்தினார். 'ஹரிதாஸ்' படத்தில் ஜி. ராமநாதனின் வாத்திய அமைப்பும் சேர்ந்து, சாருகேசி ராகத்தில் வந்த காதல் பாட்டு, அந்த ராகத்தின் பெயரையே அறியாதவர் வாயிலும் அதைப் பாட வைத்தது.

என் தாத்தாவின் தந்தை மயிலையில் தையற்கடை வைத்திருந்தவர். சபா வாசலை அவர் மிதித்ததே இல்லையாம். ஆனால் டிராமில் ஏறிப் போய் மூன்று தீபாவளிக்கும் 'ஹரிதாஸ்' பார்த்தார். தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே அந்தப் பாட்டுகளைப் பாடுவார். அவர் இரண்டாம் முறை பார்த்தபோது பாகவதர் சிறையில் இருந்தார். 1944 டிசம்பரில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதான பாகவதர் 1947-இல்தான் விடுதலையானார். அதே 1944 டிசம்பரில் கிளென் மில்லர் சென்ற விமானம் ஆங்கிலக் கால்வாய்க்கு மேல் காணாமற்போனது. பாடியவன் சிறையிலிருந்தாலும் மறைந்தாலும் பாட்டு நிற்கவில்லை.

சிவன் பாட்டு மட்டும் எழுதவில்லை, நடிக்கவும் செய்தார். 1936-இல் 'பக்த குசேலா'வில் குசேலராக வந்தார். 1939-இல் கல்கியின் கதையை கே. சுப்பிரமணியம் 'தியாகபூமி' என்று படமாக்கியபோது சம்பு சாஸ்திரியாக நடித்தார். புயல் மழையில் வீடிழந்த சேரி மக்களுக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்ததற்காக அக்கிரகாரத்தாரால் விலக்கி வைக்கப்படும் பாத்திரம் அது. ஆங்கில அரசு பின்னர் அப்படத்தைத் தடை செய்தது.

1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. கச்சேரி முழுவதையும் தாங்கத் தமிழில் கீர்த்தனைகள் உண்டா என்ற வாதம் சூடாக நடந்த காலம் அது. அப்போது எடுத்துக்காட்டச் சிவனின் கீர்த்தனைகள் கைவசம் இருந்தன. அவர் தமிழில் வடசொல் மிகுதி என்று குறை கூறுவோரும் உண்டு. வடமொழி கற்றவர் என்பதால் அது உண்மையே. ஆயினும் தையற்காரருக்குப் புரிந்த தமிழ் அது என்பதும் உண்மை. தமிழ்த் தியாகய்யர் என்று உலகம் அவரைப் போற்றியது.

காலம் மாறியது. 1950-களில் திரையிசையின் போக்கு வேறாயிற்று. பாட்டுக்குப் பாட்டு ராகம் தேடிய நாட்கள் குறைந்தன. சிவன் மயிலையிலேயே தம் கீர்த்தனைகளோடும் மாடவீதியோடும் வாழ்ந்தார். 1971-இல் சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் வழங்கியபோது வயது எண்பத்தொன்று. அடுத்த ஆண்டு பத்ம பூஷண் கிடைத்தது. 1973 அக்டோபர் 1-ஆம் நாள் மறைந்தார்.

அந்தப் போட்டியை மீண்டும் எண்ணிப் பார்க்கின்றேன். நடுவர் மீது எனக்குக் கோபம் இல்லை. போட்டிக்கு விதி உண்டு, அவர் அதன்படி நடந்தார். ஆனால் சிவனின் வாழ்வில் அந்த விதி இல்லை. விடியலில் மாடவீதியில் பாடியவரும், மாலைக் காட்சியில் ஆயிரம் பேரைப் பாட வைத்தவரும் ஒருவரே. ஒன்றை உயர்வென்றும் மற்றதைத் தாழ்வென்றும் பிரித்தவர்கள் நாம்தாம். அவர் பெயரே தெரியாமல் அவர் பாட்டைப் பாடி நின்ற நானும் என் நண்பனும் அந்தப் பழிக்கு உரியவர்களே.

ஆகவே நம் கல்லூரி நுண்கலை மன்றத்தாருக்கு ஒரு விண்ணப்பம். இவ்வாண்டு விழாவில் எந்தப் பாட்டைப் பாடினாலும், கீர்த்தனையோ கானாவோ திரைப்பாட்டோ எதுவாயினும், முதலில் அதை எழுதியவர் பெயரைச் சொல்லிவிட்டுப் பாடுவோம். என் நண்பன் 'சிவகவி' பாட்டையே மறுபடி பாடப் போகிறான். பெயர் சொல்லும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டிருக்கின்றேன்.