கோடை லீவுக்கு என்ன நாவல் படிக்கலாம்? கதை எழுதியே டாக்டரான தொட்டியம் 'லட்சுமி'யைத் தெரிஞ்சுக்கோங்க!

கோடை லீவு வந்தாச்சு. கடற்கரையில் காத்து வாங்கிக்கிட்டே நாவல் படிக்கலாம்னா, சேந்தமங்கலத்துக்குக் கடல் ரொம்ப தூரம். அதனால் என்ன? திண்ணையும் கையில் ஒரு லட்சுமி நாவலும் இருந்தால் மத்தியானம் போவதே தெரியாது.

யார் இந்த லட்சுமி?

இயற்பெயர் திரிபுரசுந்தரி. நாமக்கல்லில் இருந்து திருச்சி போகும் வழியில் இருக்கும் தொட்டியத்தில் 1921-ல் பிறந்தவர். அப்பா டாக்டர். மகளுக்கும் அதே ஆசை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

ஏன் எழுத ஆரம்பித்தார்?

அது இரண்டாம் உலகப்போர் காலம். அப்பாவால் படிப்புச் செலவைத் தாங்க முடியவில்லை. படிப்பு பாதியில் நின்றுவிடும் நிலை. நேராக ஆனந்த விகடன் எஸ்.எஸ்.வாசனைப் போய்ப் பார்த்தார். கதை எழுதிச் சம்பாதித்துப் படிக்க வழி கேட்டார். வாய்ப்பு கிடைத்தது. பகலில் மருத்துவப் பாடம்; மற்ற நேரத்தில் கதை. வீட்டுப் பெண்கள் பொழுதுபோக்காகப் படித்த அந்தக் கதைகள்தான், ஒரு பெண்ணை டாக்டராக்கின.

சினிமாவுக்கும் போனாரா?

போனது அவர் கதைகள். 'காஞ்சனையின் கனவு' 1952-ல் 'காஞ்சனா' படமானது. 'பெண் மனம்' நாவல்தான் சிவாஜி, சரோஜாதேவி நடித்து 1963-ல் வந்த 'இருவர் உள்ளம்'.

பிறகு என்ன ஆனார்?

கண்ணபிரானைத் திருமணம் செய்து, 1955-ல் தென்னாப்பிரிக்கா போனார். 20 வருஷத்துக்கு மேல் அங்கேதான் வாழ்க்கை. 1977-ல் தமிழ்நாடு திரும்பி, மறுபடி எழுத்தில் இறங்கினார். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. பொம்பளைங்க படிக்கிற குடும்பக் கதைதானேன்னு ஒதுக்கியவர்களும் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. 1987 ஜனவரியில் காலமானார்.

எதில் தொடங்கலாம்?

முதலில் 'பெண் மனம்' படிங்க. முடிச்சதும் 'இருவர் உள்ளம்' படம் பாருங்க. 'மிதிலா விலாஸ்', 'ஒரு காவிரியைப் போல' ரெண்டும் அடுத்து. ஊர் நூலகத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்க. வீட்டில் பாட்டி இருந்தால் அவங்ககிட்டயும் கேளுங்க. வாராவாரம் தொடருக்காகக் காத்திருந்த கதையை அவங்களே சொல்வாங்க.