குழு அறையில் அரை நூற்றாண்டு: இமானுவேல் செல்லரின் வாழ்வு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் ஆசியக் குடும்பங்களிற் பெரும்பாலானவை அந்நாட்டினுள் நுழைய வழிசெய்தது 1965 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம். அச்சட்டம் ஹார்ட் - செல்லர் சட்டம் என இருவரின் பெயரால் வழங்குகின்றது. பிலிப் ஹார்ட் மிச்சிகன் மாநிலத்துச் செனற்றர். மற்றவரான இமானுவேல் செல்லர், பிரதிநிதிகள் சபையில் புரூக்ளின் மக்களின் உறுப்பினராக ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அமர்ந்திருந்தவர். ஜனாதிபதிகள் ஒன்பது பேரின் காலம் அவர் கண்முன்னே கழிந்தது. ஆயினும் அவருடைய உண்மையான களம் சபை மண்டபமன்று. சாட்சிகள் அமர்ந்து பேசுவதும், சுருக்கெழுத்தாளர் ஒவ்வொரு சொல்லையும் பதிவதுமான குழு அறையே அவரது களம்.

அமெரிக்கக் கொங்கிரசின் நடைமுறையை அறியாதார்க்கு ஒரு சிறு விளக்கம் இங்கு வேண்டும். அங்கே சட்டமூலம் ஒன்று சமர்ப்பிக்கப்பட்டதும் அது உரிய குழுவுக்கும், அங்கிருந்து உப குழுவுக்கும் அனுப்பப்படுகின்றது. உப குழு விசாரணை அமர்வுகளை நடத்தி அமைச்சர்கள், அதிகாரிகள், அறிஞர்கள், தொழிற்சங்கத்தினர், மதகுருமார் ஆகியோரை அழைத்துச் சாட்சியம் பெறும். பின்னரே திருத்தங்களும் வாக்கெடுப்பும் நிகழும். எந்தச் சட்டமூலத்துக்கு விசாரணை நடத்துவது, எவரை அழைப்பது, எவருக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்பனவெல்லாம் பெரும்பாலும் தலைவரின் விருப்பம். விசாரணைக்கு எடுக்கப்படாத சட்டமூலம் அலமாரியிலேயே மடிந்துவிடும். செல்லரின் வாழ்வு முழுவதும் இந்த ஒரு நடைமுறையைச் சுற்றியே சுழன்றது.

அவர் 1888 மே 6 ஆம் நாள் புரூக்ளினிற் பிறந்தார். பாட்டன் பாட்டிமார் ஜேர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். தந்தையார் விஸ்கி வியாபாரம் நடத்தி நொடித்துப்போய், பின் வீடு வீடாகச் சென்று வைன் விற்றவர். மகன் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த சிறிது காலத்துக்குள் தந்தையும், அவரையடுத்துத் தாயும் மறைந்தனர். இளைஞர் காலையிற் பாடம் கேட்பதும் பிற்பகலில் தந்தையின் வாடிக்கையாளரிடம் வைன் விற்பதுமாகக் குடும்பத்தைத் தாங்கினார். 1912 இற் சட்டப் பட்டம் பெற்றார். பத்தாண்டுகளின் பின், 1922 ஆம் ஆண்டுத் தேர்தலில், குடியரசுக் கட்சியினர் தமதென நம்பியிருந்த தொகுதியில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்று வென்றார்.

அவருடைய பதவிக்காலம் 1923 மார்ச் 4 ஆம் நாள் தொடங்கிற்று. அதற்கு இரு வாரங்களுக்கு முன்னர்தான் அமெரிக்க உயர் நீதிமன்றம் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரின் வழக்கிற் தீர்ப்பளித்திருந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையிற் பணியாற்றிய அவர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமைக்கு உரியவர் அல்லர் என்பது அத்தீர்ப்பு. முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. இந்தியா உட்பட ஆசியாவின் பெரும் பகுதியிலிருந்து எவரும் குடியேற முடியாதவாறு 1917 ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே தடை விதித்திருந்தது. அடுத்து ஐரோப்பாவின் முறை வந்தது.

குடிவரவுக் குழுவின் தலைவராக அப்போது இருந்தவர் வோஷிங்ரன் மாநிலத்து அல்பேட் ஜோன்சன். அவர் ஹரி லாஃப்லின் என்பவரை இனமேம்பாட்டு நிபுணர் என்ற பதவிப் பெயருடன் தம் குழுவுக்கு நியமித்தார். லாஃப்லின் மனநோய் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் உள்ளோரை இனவாரியாக எண்ணி அட்டவணைகள் தயாரித்தார். தெற்கு, கிழக்கு ஐரோப்பியரின் குருதியே தாழ்ந்தது என்று அவற்றைக் கொண்டு 1922 இற் குழுவின் முன் சாட்சியம் கூறினார். எண்களும் வரைபடங்களும் நிறைந்திருந்தமையால் அது அறிவியலெனவே எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்தக் கணக்கைப் பரிசோதித்துப் பிழை கண்ட உயிரியலறிஞர் ஹேபேட் ஜெனிங்ஸ் 1924 இற் குழுவின் முன் வந்தபோது, அவருக்குக் கிடைத்தவை சில நிமிடங்களே. லாஃப்லினுக்கு 1936 இல் ஹைடல்பேக் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் அளித்தது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். அப்போது ஜேர்மனியை ஆண்டவர் யார் என்பது வாசகர் அறிந்ததே.

சபைக்குப் புதியவரான செல்லர் லாஃப்லினின் அட்டவணைகளைத் தாக்கிப் பேசினார். அவருடைய முதற் பெரும் உரையே அச்சட்டமூலத்துக்கு எதிரானது. பயன் ஏதும் விளையவில்லை. 1924 ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியது. 1890 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ஒவ்வொரு நாட்டில் பிறந்தோரும் எத்தனை பேரோ, அதில் நூற்றுக்கு 2 வீதமே அந்நாட்டுக்கு ஒதுக்கப்பட்டது. 1890 ஐத் தேர்ந்தமைக்குக் காரணம் எளிது: யூதரும் இத்தாலியரும் போலந்தினரும் பெருந்தொகையாக வந்தது அதற்குப் பின்னரே. 1929 இல் நடைமுறைக்கு வந்த இறுதி ஒதுக்கீட்டிற் பிரித்தானியாவுக்கு 65,721 இடங்கள், இத்தாலிக்கு 5,802, கிரேக்கத்துக்கு 307. குடியுரிமைக்கு உரியவரல்லாத ஆசியருக்கு வாயிலே இல்லை.

இந்த எண்களை மாற்ற அவருக்கு நாற்பத்தொரு ஆண்டுகள் பிடித்தன. அவற்றுள் மிகக் கொடியவை ஹிட்லரின் ஆண்டுகள். ஜேர்மனியிலிருந்து 20,000 குழந்தைகளை ஒதுக்கீட்டுக்குப் புறம்பாக ஏற்பதற்கான சட்டமூலத்துக்கு 1939 ஏப்ரலில் இரு சபைகளின் கூட்டு உப குழு விசாரணை நடத்திற்று. அந்த அமர்வில் இரக்கம் பேசிய சாட்சிகள் பலர் இருந்தனர். சட்டமூலமோ குழுவிலே உருக்குலைந்து ஒழிந்தது. போர்க்காலத்தில் வயது முதிர்ந்த யூத மதகுரு ஒருவர் கைத்தடியூன்றித் தம் அலுவலகத்துக்கு வந்து, ஏதும் வழியில்லையா என அழுது கேட்டதைச் செல்லர் பின்னாளில் தம் நினைவு நூலில் எழுதியுள்ளார். அவரிடம் சொல்வதற்கு ஒரு பதிலும் தம்மிடம் இருக்கவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை.

1943 நவம்பரில் வெளிவிவகாரக் குழு, ஐரோப்பிய யூதரை மீட்க ஓர் ஆணைக்குழு அமைக்கும் தீர்மானத்தை விசாரித்தது. விசாக்களுக்குப் பொறுப்பான துணை இராஜாங்கச் செயலர் பிரெக்கின்ரிட்ஜ் லோங் மூடிய கதவுகளுக்குள் சாட்சியமளித்தார். 1933 முதல் 580,000 அகதிகளை நாடு ஏற்றுக்கொண்டதாக அவர் கூறினார். கேட்ட உறுப்பினர்கள் திருப்தியுற்றனர். இத்துணை செய்த பின் தனி ஆணைக்குழு எதற்கு என எண்ணினர். அச்சாட்சியம் டிசம்பரில் அச்சாகி வெளிவந்ததுதான் லோங்குக்கு வினையாயிற்று. செல்லர் அக்குழுவின் உறுப்பினர் அல்லர். ஆனால் குடிவரவுக் கணக்குகளை மனப்பாடமாக வைத்திருந்தவர். லோங் கூறிய தொகை வழங்க அனுமதிக்கப்பட்ட விசாக்களின் தொகையேயன்றி வந்து சேர்ந்த மனிதரின் தொகையன்று. உண்மையில் வந்த அகதிகள் அதிற் பாதிக்கும் குறைவு. அவர்கள் எல்லோரும் யூதரும் அல்லர். செல்லரும் வேறு பலரும் இதனைப் பகிரங்கமாக உடைத்துக் காட்டினர். திறைசேரிச் செயலர் மோர்கன்தோவின் அதிகாரிகளும் தம் பங்குக்கு இராஜாங்கத் திணைக்களத்தின் தாமதங்களை அம்பலப்படுத்தவே, 1944 ஜனவரி 22 இல் ஜனாதிபதி றூஸ்வெல்ற் போர் அகதிகள் சபையை நிறுவினார். அதற்குள் மாண்டவர் தொகை பல இலட்சங்களைக் கடந்திருந்தது.

குழு விசாரணையின் பதிவு அச்சேறுவது எத்துணை முக்கியமானது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதிகாரியின் பொய் அறைக்குள்ளேயே இருந்திருந்தால் அது உண்மையாகவே வாழ்ந்திருக்கும்.

இந்தியரின் விடயத்திலும் அவர் கைவைத்தார். குடியரசுக் கட்சியைச் சேர்ந்த கிளேர் பூத் லூஸ் அம்மையாருடன் இணைந்து, இந்தியருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டமூலத்தை முன்னெடுத்தார். குழுவிற் பலத்த எதிர்ப்பு இருந்தது. ஜே. ஜே. சிங் முதலான இந்தியப் பிரமுகர்கள் வாசற்படி தேய நடந்து ஆதரவு திரட்டினர். 1946 ஜூலை 2 ஆம் நாள் ஜனாதிபதி ட்ரூமன் அதில் ஒப்பமிட்டார். ஆண்டொன்றுக்கு இந்தியருக்குக் கிடைத்த இடங்கள் 100. எண் சிறிதே. ஆயினும் அச்சட்டத்தின் பயனாக 1949 இற் குடியுரிமை பெற்ற தலிப் சிங் சவுந்த் என்ற கலிபோர்னிய விவசாயி, 1957 ஜனவரியிற் செல்லர் அமர்ந்திருந்த அதே சபையில் உறுப்பினராக வந்து அமர்ந்தார்.

1949 இற் செல்லர் நீதித்துறைக் குழுவின் தலைவரானார். குடிவரவு விடயமும் இப்போது அக்குழுவின் கீழேயே இருந்தது. இனி எல்லாம் எளிது என்று நினைக்கத் தோன்றும். அவ்வாறு நடக்கவில்லை. குடிவரவு உப குழுவின் தலைவர் பென்சில்வேனியாவின் பிரான்சிஸ் வோல்ரர், அவருடைய கட்சிக்காரரேயாயினும், ஒதுக்கீட்டு முறையின் காவலர். 1952 இல் வோல்ரரும் செனற்றர் மக்கரனும் இயற்றிய சட்டம் ஆசியருக்குக் குடியுரிமைத் தடையை நீக்கியது. ஒதுக்கீட்டையோ அப்படியே காத்தது. ட்ரூமன் மறுப்பாணை இட்டார். கொங்கிரஸ் அதனை முறியடித்தது. அச்சட்டத்தின்படி இலங்கைக்குக் கிடைத்தவையும் ஆண்டுக்கு 100 இடங்களே. அதிலும் ஓர் அநீதி ஒளிந்திருந்தது: ஐரோப்பியர் பிறந்த நாட்டின்படி கணக்கிடப்பட, ஆசியர் வமிசத்தின்படி கணக்கிடப்பட்டனர். இலங்கைப் பெற்றோருக்கு இலண்டனிற் பிறந்த பிள்ளையும் பிரித்தானியாவின் பெருந்தொகையிலன்றி, இலங்கையின் அந்த நூறுக்குள்ளேயே அடங்க வேண்டியிருந்தது.

தம் குழுவுக்குள்ளேயே ஓர் உப குழுத் தலைவரை அசைக்க இயலாதவராகச் செல்லர் 1963 வரை காத்திருந்தார். அவ்வாண்டு மே மாதத்தில் வோல்ரர் இறந்தார். ஆனால் அக்கோடை முழுவதையும் வேறொரு பெருங்காரியம் விழுங்கிற்று. கென்னடியின் குடியியல் உரிமைச் சட்டமூலத்தைச் செல்லர் தாமே தலைமை வகித்த ஐந்தாம் இலக்க உப குழுவில் எடுத்துக்கொண்டு 22 நாட்கள் விசாரணை நடத்தினார். ஒகையோவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் வில்லியம் மக்கலக் துணை நின்றிராவிடின் அது வென்றிராது. 1964 பெப்ரவரியில் 290 வாக்குகளுக்கு 130 ஆகச் சபை அதனை நிறைவேற்றியது. மறு ஆண்டு வாக்குரிமைச் சட்டமும் இவர் குழுவின் வழியாகவே வந்தது.

குடிவரவு உப குழுவில் வோல்ரரின் இடத்துக்கு வந்த மைக்கல் ஃபீகன் விசாரணைகளை இழுத்தடித்தார். இறுதியில் ஜனாதிபதி ஜோன்சனின் நெருக்குதலால் அவர் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்: நாட்டுவாரி ஒதுக்கீடு ஒழியட்டும், ஆனால் கல்வித் திறனுக்கல்ல, குடும்ப உறவுக்கே முதலிடம் வேண்டும். அவ்வாறே உலகின் கிழக்குப் பாதிக்குரிய 170,000 இடங்களில் நூற்றுக்கு 74 உறவினருக்கு ஒதுக்கப்பட்டன. ஏற்கெனவே அங்கிருப்போர் ஐரோப்பியராகையால் அவர்தம் உறவினரே வருவர், நாட்டின் நிறம் மாறாது என்பது ஒதுக்கீட்டு முறையை விரும்பியோரின் கணக்கு. செல்லரும் சபையில் அதையே உறுதியளித்தார்: ஆசியருக்கும் ஆபிரிக்கருக்கும் அங்கே உறவினர் குறைவு, ஆகவே வருவோரும் குறைவாகவே இருப்பர் என்றார். நம்பித்தான் சொன்னாரா, வாக்குத் திரட்டுவதற்குச் சொன்னாரா என்பது விவாதத்துக்குரியது. மருத்துவராகவும் பொறியியலாளராகவும் வந்த ஆசியர் சில ஆண்டுகளிற் குடியுரிமை பெற்று மனைவி மக்களையும் உடன்பிறந்தாரையும் அழைத்தனர்; அவர்கள் தம்மவரை அழைத்தனர். கணக்குப் போட்ட எல்லோரும் தோற்றனர்.

சபையில் 318 க்கு 95 எனவும், செனற்றில் 76 க்கு 18 எனவும் வாக்குகள் விழுந்தன. 1965 ஒக்டோபர் 3 இல் சுதந்திர தேவி சிலையின் அடியிலே ஜோன்சன் ஒப்பமிட்டார். உலகின் கிழக்குப் பாதியில் எந்த நாட்டுக்கும் ஆண்டு உச்சவரம்பு 20,000. அகதிகளுக்கென நூற்றுக்கு 6, அதாவது 10,200 இடங்கள் முதன்முறையாக நிரந்தரச் சட்டத்தில் இடம்பெற்றன. ஆனால் அகதி என்பவர் பொதுவுடைமை நாட்டிலிருந்தோ மத்திய கிழக்கிலிருந்தோ தப்பியவராக இருத்தல் வேண்டும். வேறு அரசுகளின் கொடுமைக்கு அஞ்சி ஓடியவருக்கு அந்த இடங்கள் உரியனவல்ல. 1983 இல் இதே சட்டம் இருந்திருப்பின் இலங்கைத் தமிழர் எவரும் அந்த வகையினுள் அடங்கியிருக்க மாட்டார்.

செல்லரின் வீழ்ச்சியும் ஒரு விசாரணையாலேயே வந்தது. அவர் நடத்த மறுத்த விசாரணையால். பெண்களுக்குச் சம உரிமை வழங்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை அவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தம் குழுவின் அலமாரியிலேயே வைத்திருந்தார். பெண் தொழிலாளரைக் காக்கும் சட்டங்கள் அதனால் அழியும் என்பது அவர் வாதம். அவ்வாதத்திற் சிறிது நியாயமும் இருந்தது. தொழிற்சங்கங்களும் நெடுங்காலம் அவ்வாறே கூறின. ஆயினும் சாட்சிகளை அழைத்துக் கேட்காமலே தீர்ப்பு வழங்கியமைக்கு நியாயம் இல்லை. 1924 இல் ஜெனிங்சுக்குச் சில நிமிடங்களே கிடைத்ததைக் கண்டவர் அவர். 1970 இல் மாத்தா கிரிபித்ஸ் அம்மையார் 218 உறுப்பினரின் ஒப்பம் திரட்டி, தலைவரின் கையிலிருந்து அத்திருத்தத்தைப் பறித்துச் சபைக்குக் கொணர்ந்தார்.

1972 ஆம் ஆண்டின் கட்சி முதனிலைத் தேர்தலில் எலிசபெத் ஹோல்ட்ஸ்மன் என்ற இளம் பெண் வழக்கறிஞர் அவரை எதிர்த்தார். அவருக்கு வயது 30; செல்லருக்கு 84. முதியவர் அப்போட்டியைப் பொருட்படுத்தவே இல்லை. சுமார் 600 வாக்குகளால் தோற்றார். வென்றிருந்தால் 1974 இல் நிக்சன் மீதான குற்றப்பிரேரணை விசாரணைக்கு அவரே தலைமை தாங்கியிருப்பார்; அப்பணி பீற்றர் றொடினோவுக்குச் சென்றது. ஹோல்ட்ஸ்மனும் அக்குழுவில் அமர்ந்திருந்தார்.

அதே ஹோல்ட்ஸ்மன் பின்னர் குடிவரவு உப குழுவின் தலைவரானார். செனற்றர் எட்வேட் கென்னடியுடன் அவர் முன்னின்று உருவாக்கிய அகதிகள் சட்டம் 1980 மார்ச் 17 இல் ஒப்பமிடப்பட்டது. பொதுவுடைமை நாடு, மத்திய கிழக்கு என்ற வரையறை அத்துடன் நீங்கி, ஐக்கிய நாடுகளின் வரைவிலக்கணம் அதன் இடத்துக்கு வந்தது. புகலிடம் கோரி விண்ணப்பிப்பதற்கும் சட்டத்தில் இடமுண்டாயிற்று. செல்லர் அப்போது உயிருடன் இருந்தார். பத்து மாதங்களின் பின், 1981 ஜனவரி 15 ஆம் நாள், தாம் பிறந்த புரூக்ளினிலேயே தமது 92 ஆவது வயதிற் காலமானார்.