ஓவியப் புலவர் ஜான் கான்ஸ்டபிள்

தந்தையின் தொழிலை மைந்தன் மேற்கொள்ளாது வேறு துறையை விரும்பிச் செல்லுங்கால், தம் உழைப்பெல்லாம் வீணாயிற்றென்று குடும்பத்தார் வருந்துதல் உலகியல்பு. ஆயினும், தந்தையின் தொழிற்களத்திற் கண்டும் செய்தும் பெற்ற அறிவு, மைந்தன் எத்துறை புகினும் அவனை விட்டு நீங்குவதன்று. இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்கியவர், ஆங்கில நாட்டில் இயற்கைக் காட்சி தீட்டிய ஓவியருள் தலைசிறந்தாராகிய ஜான் கான்ஸ்டபிள் என்பார். அவர்தம் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் மக்களும் அறிந்து பயனுறுமாறு யாம் ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

இவர் 1776-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் நாள், இங்கிலாந்தின் கீழ்பாலுள்ள சபோக் பகுதியில் ஈஸ்ட் பெர்கோல்ட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் கோல்டிங் கான்ஸ்டபிள் தானிய வாணிகத்தாற் செல்வம் ஈட்டியவர். ஸ்டூர் ஆற்றங்கரையில் பிளாட்போர்டு, டெடாம் என்னும் ஈரிடங்களில் நீரால் இயங்கும் மாவாலைகள் அவருக்கு இருந்தன. ஊர்ப்புறத்து மேட்டுவெளியில் காற்றாலையும் இருந்தது. லண்டன் மாநகர்க்குச் சரக்கேற்றிச் செல்லச் சொந்தக் கப்பலும் உடையார். மூத்த மைந்தர் தொழில் நடத்தும் அறிவாற்றல் வாய்க்கப்பெறாமையால், இரண்டாம் மைந்தராகிய ஜானே தமக்குப்பின் வாணிகத்தை ஏற்பாரெனத் தந்தையார் நம்பியிருந்தார்.

பள்ளிப்படிப்பு முடிந்தபின் ஜான் ஏறத்தாழ ஓராண்டு ஆலைத் தொழிலிற் பழகினார். காற்றாலை நடத்துவோன் எப்பொழுதும் வானத்தின்மேற் கண் வைத்திருத்தல் வேண்டும். காற்றின் திசை மாறின் ஆலையின் முகத்தைத் திருப்புதல் வேண்டும். கருமுகில் திரண்டு பெருங்காற்று வீசுமுன் இறக்கைகளிற் கட்டிய பாய்களைச் சுருக்குதல் வேண்டும். தவறின் ஆலை சிதைவுறும். ஆகவே, ஏனையோர்க்கு வெறும் அழகுப் பொருளாய்த் தோன்றும் மேகம், இவ்விளைஞர்க்கு நாள்தோறும் கற்கவேண்டிய பாடமாயிற்று. ஓய்ந்த வேளைகளில், அவ்வூரில் குழாய் வேலையும் கண்ணாடி வேலையும் செய்துவந்த ஜான் டந்தார்ன் என்பாரோடு வயல்வெளி சென்று சித்திரந் தீட்டுவார்.

மைந்தர் மனம் முழுதும் ஓவியத்திலேயே படிந்தமை கண்ட தந்தையார், விருப்பமின்றியேனும் இசைவளித்துச் செலவுக்குச் சிறு தொகையும் தந்தார். 1799-ஆம் ஆண்டு ஜான் லண்டனிலுள்ள ராயல் அக்காடெமிப் பள்ளியிற் சேர்ந்தார். இளைய தம்பி ஏபிராம் ஆலைப்பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 1802-இல் ராணுவக் கல்லூரியொன்றில் சித்திர ஆசிரியர் வேலை இவருக்குக் கிடைப்பதாயிருந்தது. நிலையான வருவாயாயினும், அதனை ஏற்பின் ஓவியராதல் கைகூடாதென்று கருதி மறுத்தனர். பிறர் ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து எழுதுதல் போதாது, இயற்கையையே ஆசானாகக் கொள்ளல் வேண்டும் எனத் துணிந்து, கோடைதோறும் தம் ஊருக்கு மீண்டு ஆற்றங்கரையிலிருந்து எழுதலானார்.

அக்காலத்துக் கலையன்பர் பலர் பழைய ஓவியங்களின் பழுப்பு நிறத்தையே உயர்வெனப் போற்றினர். ஒருமுறை, இவர்பால் அன்புடையவராகிய ஸர் ஜார்ஜ் போமாண்ட், இயற்கைக் காட்சியின் நிறம் பழைய பிடிலின் நிறத்தை ஒத்திருத்தல் வேண்டுமென்றனராக, இவர் ஒரு பிடிலை எடுத்துப் பசும்புல்லின்மேற் கிடத்திக் காட்டினாரென்பர். புல் பசுமையன்றோ!

இல்வாழ்க்கையிலும் இவர் நெடிது காத்திருக்க நேர்ந்தது. 1809-ஆம் ஆண்டுமுதல் மரியா பிக்னெல் என்னும் நங்கையை மணக்க விழைந்தார். ஈஸ்ட் பெர்கோல்ட் தேவாலயத்துக் குருவாகிய அவர் பாட்டனார், வருவாயற்ற ஓவியர்க்குப் பேர்த்தியைக் கொடுக்க உடன்படவில்லை. 1816-இல் தந்தையார் காலமாகி, ஆலைச் சொத்தில் ஜானுக்கும் ஒரு பங்கு வந்தபின்னரே, அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள் திருமணம் நிகழ்ந்தது. விட்டுவந்த தொழிலே இல்லறத்துக்குத் துணையாயிற்று.

அவர் ஓவியஞ் செய்த முறையும் அறியத்தக்கது. திறந்தவெளியிற் சிறு சித்திரங்கள் பல எழுதிச் சேர்ப்பார். பெரிய ஓவியங்கள் சிலவற்றுக்கு, ஆறடி அகலக் கித்தானில் முழு அளவு மாதிரியொன்றை எண்ணெய் வர்ணத்தால் முதலில் எழுதி, அதன்பின்னரே முடிவான ஓவியத்தைத் தொடங்குவார். 1821-இல் இவர் காட்சிக்கு வைத்த வைக்கோல் வண்டி என்னும் ஓவியம், பிளாட்போர்டு ஆலையருகே ஆற்றுநீரில் நிற்கும் வண்டியைக் காட்டுவது. லண்டனிலிருந்து அதனை எழுதுங்கால், வண்டியின் உறுப்புக்கள் பிழைபடாமைப்பொருட்டுத் தம்பி ஏபிராம் வாயிலாக ஊரிலிருந்து வண்டியின் படமொன்றை வருவித்துக்கொண்டார்.

மனைவியின் உடல்நலங் கருதி ஹாம்ஸ்டெட் மேட்டில் தங்கிய நாட்களில், வானத்தையே தனியே எடுத்து எழுதலானார். 1822-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 50 வானச் சித்திரங்கள் செய்தனர். விரைந்து மாறும் மேகத்தை விரைந்தெழுதி, தாளின் பின்புறத்தில் நாளும் நேரமும் காற்றின் திசையும் குறித்துவைப்பார். ஆலையிற் பெற்ற பழக்கம் ஓவியத்திற் புகுந்த வகை இதுவாகும்.

உள்நாட்டில் விலைபோகாத வைக்கோல் வண்டி, 1824-இல் பாரிஸ் நகரக் கண்காட்சியில் பிரெஞ்சு மன்னரின் தங்கப் பதக்கம் பெற்றது. இன்று அது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. ஆயினும் ராயல் அக்காடெமியார் இவரை முழு உறுப்பினராக ஏற்றது 1829-இல், இவர்தம் 52-ஆம் வயதில். அதுவும் ஒரே வாக்கு மிகுதியால். இவரினும் ஓராண்டே மூத்தவராகிய டர்னர் என்னும் ஓவியர் அப்பேற்றை 1802-இலேயே எய்தியிருந்தார். அந்தோ! இப்பெருமையைக் காண மரியா இல்லை. ஏழு மக்களைக் கணவர்பால் விட்டு, க்ஷயரோகத்தால் 1828 நவம்பரில் அவ்வம்மையார் மறைந்தார். அதன்பின் இவர் எழுதிய வானங்களிற் புயலும் இருளும் மிகுந்தன. 1837 மார்ச் 31-ஆம் நாள் உயிர்நீத்து, ஹாம்ஸ்டெட்டில் மனைவியின் அருகே அடக்கஞ் செய்யப்பெற்றார்.

பிறர் எழுதிய ஆலைகள் சுழலமாட்டா, தமையன் எழுதிய ஆலையோ உண்மையிற் சுழலும் என்று ஏபிராம் கருதினாராம். ஆலை நடத்தியவர் கூறிய இச்சான்றினும் பெரிய பரிசு எதுவென யாம் அறியேம். பெற்றோரே! நும் மக்கள் வேறு துறையை நாடின், முதலில் சின்னாள் நும் தொழிற்களத்தில் அவர்களை நிறுத்திக் கற்பியுங்கள். பின்னர் மனமுவந்து விடைகொடுங்கள். இளைஞர்காள்! நீவிர் எங்குச் செல்லினும், தந்தை கையிற் கற்றதை இகழாது உடன்கொண்டு செல்வீராக.