லத்தீன் தெரியாத வாத்தியார்

தெர்மோடைனமிக்ஸ் பேப்பர் எழுதிய யாருக்கும் வான்டர் வால்ஸ் என்ற பெயர் மறந்திருக்காது. சமன்பாடு ஞாபகம் இருக்கும். ஆள் யார் என்று கிளாஸில் பேச்சே வந்ததில்லை. இந்த மலருக்கு அவர் கதையையே எழுதலாம் என்று தோன்றியது.

ஜொஹான்னஸ் டிடெரிக் வான்டர் வால்ஸ் 1837-இல் ஹாலந்தின் லைடன் நகரில் பிறந்தார். அப்பாவுக்குத் தச்சு வேலை. பத்துப் பிள்ளைகளில் இவர் மூத்தவர். மேலே படிக்க வைக்க வசதி கிடையாது. பதினைந்து வயதோடு படிப்பு நின்றது. ஆரம்பப் பள்ளி வாத்தியார் ஆனார். வேலை பார்த்துக்கொண்டே லைடன் பல்கலைக்கழகத்தில் கணக்கும் பௌதிகமும் கேட்டார். பாடம் கேட்கலாம், பட்டத் தேர்வு எழுத முடியாது. காரணம், லத்தீனும் கிரேக்கமும் தெரியாது! பௌதிகத்துக்கும் லத்தீனுக்கும் என்ன சம்பந்தம்? ஓமலூர், ராசிபுரம், பரமத்தி பக்கமிருந்து தமிழ் மீடியத்தில் படித்து வந்து, முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் லெக்சரைக் கேட்டு முழித்த நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு சட்டம் மாறியது. விஞ்ஞானம் படிப்பவர்களுக்கு அந்த மொழிகளிலிருந்து விலக்கு கிடைத்தது. 1873-இல், 35 வயதில், டாக்டர் பட்டம் வாங்கினார். அதற்கு நாலு வருஷம் முன்னால் பெல்ஃபாஸ்டில் ஆண்ட்ரூஸ் என்பவர், கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரிக்கு மேல் போய்விட்டால் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது என்று காட்டியிருந்தார். ஏன் அப்படி என்பதற்கு வான்டர் வால்ஸ் பதில் சொன்னார்: மூலக்கூறுக்குப் பருமன் உண்டு, ஒன்றையொன்று இழுக்கும் குணமும் உண்டு, வாயுவும் திரவமும் ஒரே பொருளின் தொடர்ச்சி. ஆய்வேட்டை டச்சு மொழியில்தான் எழுதினார். அதைப் படிப்பதற்காகவே சிலர் டச்சு கற்கத் தொடங்கியதாக மாக்ஸ்வெல் எழுதினார். வேடிக்கைதான்!

1877-இல் ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியர். 1880-இல் வந்தது ரெட்யூஸ்டு பிராப்பர்டி விஷயம். ஒவ்வொரு வாயுவையும் அதனதன் கிரிட்டிகல் புள்ளியால் வகுத்துப் பார்த்தால் எல்லா வாயுவும் ஏறத்தாழ ஒரே மாதிரி நடந்துகொள்கிறது என்றார். நம்ம ஊர்க் கணக்கிலேயே போட்டுப் பாருங்கள். சித்திரை வெயில் 37 டிகிரி, அதாவது 310 கெல்வின். கார்பன் டை ஆக்சைடுக்கு ரெட்யூஸ்டு டெம்பரேச்சர் 1.02; வெயிலில் கிடக்கும் அந்த சிலிண்டருக்குள் திரவம் என்று தனியாக எதுவுமில்லை. புரொப்பேனுக்கு 0.84, அதனால்தான் நாமக்கல் டேங்கர் லாரி சமையல் கேஸை அழுத்தத்தாலேயே திரவமாக ஏற்றிப் போகிறது. மீத்தேனுக்கு 1.63, அதைத் திரவமாக்க மைனஸ் 82 டிகிரிக்கும் கீழே குளிர வைக்கணும். (அவர் சமன்பாட்டின்படி கிரிட்டிகல் புள்ளியில் கம்ப்ரெசிபிலிட்டி 0.375, நிஜ வாயுக்களில் அது பெரும்பாலும் 0.3-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோதான். சார்ட்டைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.)

மறு வருஷம், 1881-இல், மனைவி அன்னா காசநோயில் இறந்தார். வயது 34. நாலு பிள்ளைகள். மனுஷர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. சுமார் பத்து வருஷம் ஒன்றுமே வெளியிடவில்லை. 1890-இல்தான் கலவைகளைப் பற்றிய கொள்கையோடு திரும்பி வந்தார்.

அவருடைய விதியை வழிகாட்டியாக வைத்துக்கொண்டுதான், 1908-இல் அதே லைடனில் காமர்லிங் ஓனஸ் ஹீலியத்தைத் திரவமாக்கினார். 1910-இல் வான்டர் வால்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1923 மார்ச் 8 அன்று, 85 வயதில், ஆம்ஸ்டர்டாமில் காலமானார்.