இனப்படுகொலை என்ற சொல்லைத் தந்த யூதர்

காஸாவைப் பற்றிப் பேசும்போது இனப்படுகொலை என்ற சொல் இன்று நம் வாயில் தானாகவே வந்துவிடுகிறது. 2023 டிசெம்பர் 29ஆம் திகதி தென்னாபிரிக்கா இஸ்ரேலுக்கு எதிராகச் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனதும் 1948ஆம் ஆண்டின் இனப்படுகொலைச் சமவாயத்தைக் கொண்டுதான். அந்தச் சொல்லை உருவாக்கி, அந்தச் சமவாயத்துக்காக அலைந்து திரிந்தவர் ஒரு யூதர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ரபாயேல் லெம்கின் 1900 ஜூன் 24இல் பிறந்தார். அன்று ரஷ்யப் பேரரசின் கீழிருந்த, இன்று பெலாரஸில் உள்ள வொல்கோவிஸ்க் நகருக்கு அருகே ஒரு பண்ணைக் குடும்பம். வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தவர் தாய் பெல்லா. மகனுக்கு ஆறு வயதாகும்போது பியாலிஸ்தொக் நகரில் யூதர்கள் மீது படுகொலை நடந்தது.

நமக்குக் கசப்பான இடம் ஒன்று இங்கே வருகிறது. லெம்கினை உலுக்கியது யூதர்களின் துயரம் மட்டுமல்ல. 1915இல் உஸ்மானிய ஆட்சியின் கீழ் ஆர்மீனியக் கிறிஸ்தவர்கள் அழிக்கப்பட்டதும்தான். அதற்குப் பொறுப்பான தலாத் பாஷாவை 1921இல் பெர்லினில் ஓர் ஆர்மீனிய இளைஞர் சுட்டுக்கொன்றார். ஒருவரைக் கொன்றவருக்கு வழக்கு உண்டு, ஒரு சமூகத்தையே கொன்ற ஆட்சியாளரை விசாரிக்கச் சர்வதேசச் சட்டம் இல்லையா என்ற கேள்விதான், மொழியியல் படித்துக்கொண்டிருந்த மாணவரைச் சட்டத்தின் பக்கம் இழுத்தது. அழித்தது முஸ்லிம் ஆட்சி என்பதற்காக இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக்கூடாது என்று என்னிடம் பயிலும் மாணவ ஆசிரியர்களுக்கு நான் சொல்வதுண்டு.

வார்சோவில் அரச சட்டத்தரணியாக இருந்த அவர், 1933இல் மட்ரிட் மாநாட்டுக்கு இப்படியொரு சட்டத்தை முன்மொழிந்தார். எடுபடவில்லை. 1939இல் ஜேர்மனி போலந்துக்குள் புகுந்ததும் தப்பியோடி, லித்துவேனியா வழியாகச் சுவீடன் சேர்ந்தார். அங்கே அவர் செய்த வேலைதான் என்னை வியக்க வைப்பது. நாஸிகள் பிடித்த நாடுகளில் வெளியிட்ட சட்டங்களையும் கட்டளைகளையும் ஒவ்வொன்றாகச் சேகரித்தார். யாருக்கு எவ்வளவு உணவு, எந்த மொழிக்கு இடமில்லை, யாருடைய சொத்து பறிபோகும் என்பதெல்லாம் அதில் இருந்தன. 1941இல் சோவியத் நாட்டையும் ஜப்பானையும் கடந்து அமெரிக்கா சென்றார். 1944இல் வெளியான நூலில், இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் கொலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையும் சேர்த்து ஜெனோசைட் என்று பெயர் வைத்தார். பெற்றோர் உட்பட அவருடைய குடும்பத்தில் 49 பேர் கொல்லப்பட்டிருந்தனர்.

பிறகு ஐ.நா. தாழ்வாரங்களில் பிரதிநிதிகளைத் துரத்தித் துரத்திப் பிடித்தார். 1946இல் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவை பெரிய வல்லரசுகள் அல்ல. கியூபா, பனாமா, இந்தியா. 1948 டிசெம்பர் 9இல் பாரிஸில் சமவாயம் நிறைவேறியது. ஆனால் ஒரு மக்களின் மொழியையும் பண்பாட்டையும் அழிப்பதும் குற்றம் என்ற அவருடைய பகுதியை வெட்டிவிட்டார்கள்.

இலங்கை 1950 ஒக்டோபர் 12இல் இதில் இணைந்தது. ஐ.நா. உறுப்புரிமை நமக்குக் கிடைத்ததே 1955இல்தான். பிரித்தானியா 1970 வரையும், அமெரிக்கா 1988 வரையும் காத்திருந்தன. இதில் பெருமைப்படலாம்தான். ஆனால் நாம் இணைந்த நாளில் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் லயங்களில் இருந்த மக்கள் பெரும்பாலும் நாடற்றவர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது, பாரிஸில் சமவாயம் நிறைவேறுவதற்கு ஒரு மாதத்துக்குள்தான். அது இனப்படுகொலை அல்ல. அந்தச் சொல்லை அப்படி மலிவாக்கக் கூடாது. ஆனால் காகிதத்தில் எழுதிய சட்டம் ஒரு மக்களை என்ன செய்யும் என்பதைத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கு விளக்க இதைவிடக் கிட்டிய உதாரணம் எனக்குத் தெரியாது.

லெம்கின் திருமணம் செய்யவில்லை. கடைசிக் காலம் கையில் பணமில்லாமல் நியூயோர்க்கில் கழிந்தது. 1959 ஒகஸ்ட் 28இல் மாரடைப்பால் இறந்தார். அவர் எழுதி முடிக்காமல் விட்ட சுயசரிதை 2013இல்தான் நூலாக வந்தது.